ஏரியையும் சேர்த்து வகுத்தால்

பருத்திப்பட்டு ஏரியின் மேல் அருள்செல்விக்கு அதுவரை எந்த வருத்தமும் இருந்ததில்லை. நல்ல காற்று வரும். ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு கரையில் நடக்கலாம். கூழைக்கடா வந்து தண்ணீரில் இறங்கினால் மூன்று வயது ஜெனிஷா கையைக் கொட்டிச் சிரிப்பாள். அப்பேர்ப்பட்ட ஏரி தன் பிழைப்பில் மண்ணைப் போடும் என்று அவள் கனவு கண்டாளா என்ன?

அவள் இருக்கும் சவேரியார் தெரு ஏரிக்குக் கிழக்கே இருக்கிறது. தெரு என்று பெயர்தான். ஒரு ஆட்டோ உள்ளே நுழைந்தால் எதிரே வருகிற தண்ணீர் கேன் வண்டி பின்வாங்க வேண்டும். கீழே வீட்டுக்காரர், மேலே ஒரு குடித்தனம், அதற்கும் மேலே தகரம் போட்டு இன்னொரு குடித்தனம். ஒரு வீட்டில் குக்கர் விசில் அடித்தால் மூன்று வீட்டில் அடுப்பை அணைக்க எழுந்து போவார்கள், அவ்வளவு நெருக்கம். கோயில் சுவரை ஒட்டிய ஒற்றை அறையில் அங்கன்வாடி நடக்கிறது. அதை நடத்துகிற வடிவு டீச்சர் பழைய பருத்திப்பட்டுக் குடும்பத்துப் பெண். பிள்ளைகளை அதட்டுகிற அதே குரலில் பெற்றவர்களையும் அதட்டுவார். அவருடைய பலத்தில்தான் அருள்செல்வி தினமும் ஜெனிஷாவை அங்கே விட்டுவிட்டு அம்பத்தூர் எஸ்டேட்டுக்கு வேலைக்குப் போய்க்கொண்டிருந்தாள். வண்டிகளுக்கு ஒயர் கட்டுகிற கம்பெனி. சேர்ந்த புதிதில் சிவப்பு ஒயரையும் பழுப்பு ஒயரையும் குழப்பிக்கொண்டு அழுதவள், அடுத்த மாதம் லைன் லீடர் ஆகப்போகிறாள். இதை ஜாபஸ் ஆட்டோவில் ஏறுகிற சவாரிக்கெல்லாம் சொல்லித் தீர்த்திருந்தான். ஜாபஸ் அவள் புருஷன். வாய் கொஞ்சம் நீளம், மனசு அதைவிட நீளம்.

இந்த நேரம் பார்த்துத்தான் வடிவு டீச்சர் முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு வந்து நின்றார். அங்கன்வாடியை மூடப் போகிறார்களாம். ஏரிக்கு அந்தப் பக்கம், தனித்தனி வில்லா வீடுகள் இருக்கிற இடத்தில் இன்னொரு மையம் இருக்கிறது அல்லவா, அதோடு சேர்க்கப் போகிறார்களாம். என்ன காரணம் என்று கேட்டால், இந்த வார்டில் ஜன நெருக்கம் போதாதாம், ரெண்டு மையம் தேவையில்லையாம்.

சவேரியார் தெருவில் நெருக்கம் போதாதாம்! இதைச் சொன்னவரைக் கூட்டிவந்து ஒரு நாள் காலையில் தெருக்குழாயடியில் நிறுத்த வேண்டும்.

ஏரியைச் சுற்றிக்கொண்டு அந்தப் பக்கம் போக ஷேர் ஆட்டோகூடக் கிடையாது. பிள்ளையை அங்கே விட்டுவிட்டுத் திரும்புவதற்குள் கம்பெனி வேன் போயே போய்விடும். பூந்தமல்லியில் இருக்கும் அம்மாவுக்கு அண்ணன் பிள்ளைகளைப் பார்க்கவே பொழுது போதவில்லை. ஜாபஸ் வண்டியை நிறுத்திவிட்டு வீட்டில் உட்கார முடியாது. எப்படிக் கூட்டிக் கழித்தாலும் வேலையை விட வேண்டியவள் அவள்தான். லைன் லீடர் என்று மனசுக்குள் ஒரு தரம் சொல்லிப் பார்த்தாள். அழுகை முட்டிக்கொண்டு வந்தது.

ஜாபஸ் அழவில்லை. அவனுக்கு யோசனை வந்துவிட்டது. ஜாபஸுக்கு யோசனை வருவது வேறு சங்கதி, அப்போது எல்லோரும் கொஞ்சம் தள்ளி நிற்பது நல்லது.

"ஜனம் கம்மின்னு சொல்றாங்கோ, அவ்ளோதானே? ஏத்திக் காட்டினா போச்சு. கொடியேத்தத்துக்கு நம்ம தெருவுல எத்தினி பேர் துன்றாங்கோ?"

கோயில் திருவிழாக் கொடியேற்றத்தன்று சவேரியார் தெருவில் அடுப்பு அணையாது. குத்தம்பாக்கத்துச் சித்தப்பா, சேக்காட்டு அத்தை, அவர்களுடைய சம்பந்தி, சம்பந்தியின் பக்கத்து வீட்டார் என்று வருவார்கள். யாரையும் சாப்பிடாமல் அனுப்புகிற வழக்கம் எந்த வீட்டிலும் கிடையாது. ஆளைக் கூட்டுவது அந்தத் தெருவுக்குக் கைவந்த கலை. ஆகவே மறுபடி தலை எண்ண வேண்டும் என்று தெருவே மனு கொடுத்தது. அலுவலகத்திலிருந்து நாளும் குறித்தார்கள். குறித்த ஞாயிற்றுக்கிழமை காலையிலேயே ஊரிலிருந்த உறவெல்லாம் வந்து இறங்கிவிட்டது. பிரியாணி அண்டாக்கள் ஏறின. உட்கார இடமில்லாமல் மாமன்மார்கள் மாடிப்படியில் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். உள்ளுக்குள் உறுத்தினாலும் அருள்செல்வியும் வெங்காயம் நறுக்கிக் கொடுத்தாள்.

எண்ண வந்தவர் பெயர் ஹேமநாதன். இளைஞர், கையில் டேப், முதுகில் பை. ஐந்தாறு வீடுகள் வரை எதுவும் பேசாமல் எழுதிக்கொண்டார். பிறகு குத்தம்பாக்கத்துச் சித்தப்பாவைப் பார்த்து, "நீங்க போன வீட்ல பச்சை சட்டையில இருந்தீங்க. அதுக்கு முந்தின வீட்ல கட்டம் போட்டது," என்றார் சாதாரணமாக. சித்தப்பா மேலே மின்விசிறியைப் பார்த்தார். ஜாபஸுக்கு முகம் செத்துப்போனது. அருள்செல்விக்கு வந்த வெட்கத்தில் சுவருக்குள் போய்விடலாம் போலிருந்தது.

கோபப்பட்டிருந்தால் நியாயம். அவர் கோபப்படவில்லை. உட்கார்ந்து பிரியாணி சாப்பிட்டார், சும்மா சொல்லக்கூடாது, ரெண்டாந்தரமும் வாங்கிச் சாப்பிட்டார். கையைக் கழுவிக்கொண்டு வந்து போனில் கணக்குப் போட்டுக் காட்டினார். வார்டில் பன்னிரண்டாயிரம் பேர். வார்டின் பரப்பு நான்கு சதுர கிலோமீட்டர். வகுத்தால் சதுர கிலோமீட்டருக்கு மூவாயிரம் பேர். ரெண்டு மையம் வேண்டுமென்றால் ஐயாயிரம் இருக்க வேண்டும் என்பது புது விதி.

"இன்னைக்கு வந்த அறுநூறு விருந்தாளியையும் நெஜமாவே சேர்த்துட்டேன்னு வைங்க. மூவாயிரம், மூவாயிரத்து நூத்தம்பது ஆகும். அவ்வளவுதான். இன்னும் ஏழாயிரத்துச் சொச்சம் பேர் வேணும். இருக்காங்களா?"

ஜாபஸ் நிஜமாகவே யோசித்தான். மணவாளநகர்ப் பக்கம் விட்டுப்போன உறவு சிலது இருக்கிறது என்று முணுமுணுக்கவும் செய்தான்.

அருள்செல்விக்குத்தான் அந்த நான்கு என்கிற எண் தொண்டையில் மாட்டிய முள்ளாக உறுத்தியது. அது எங்கேயிருந்து வந்தது என்று கேட்டாள். ஹேமநாதன் வரைபடத்தைப் பெரிதாக்கிக் காட்டினார். ஒரு மூலையில் நகக்கண் அளவுக்கு அவர்களுடைய தெருவும் சந்துகளும். நடுவே நீலமாக ஏரி. ஏரிக்கு மேலே கம்பி வேலி போட்ட அரசு நிலம், முள்செடியைத் தவிர அங்கே ஒன்றும் கிடையாது. அப்புறம் வில்லாக்கள், காலி மனைகள்.

"ஏரில யாரு சார் குடி கீறாங்க?" என்று கேட்டாள் அவள்.

அவர் சிரித்துவிட்டார். தானும் அதைப் போட்டுப் பார்த்ததாகச் சொன்னார். ஏரியையும் வேலி நிலத்தையும் கழித்துவிட்டால் பரப்பு பாதியாகிறது, ஆறாயிரம் வந்துவிடுகிறது. தெருவே எழுந்து நின்றது. ஆனால் அவர் கையமர்த்தினார். மேலதிகாரி அம்மா ஒத்துக்கொள்ளவில்லையாம். இவர்கள் ஏரியைக் கழித்தால் அடுத்த வார்டுக்காரர் சுடுகாட்டைக் கழிக்கச் சொல்வார், அதற்கடுத்தவர் ரோட்டைக் கழிக்கச் சொல்வார், வேண்டிய எண் வரும்வரை ஆளாளுக்குக் கழித்துக்கொண்டே போகலாம் என்றாராம். அவர் சொல்வதிலும் நியாயம் இருக்கிறதே என்றார் ஹேமநாதன். இன்னும் இரண்டு வாரத்தில் பள்ளிக்கூடத்தில் பகுதி சபைக் கூட்டம் நடக்கும், அங்கே அந்த அம்மாவே வந்து முடிவைச் சொல்வார் என்று சொல்லிவிட்டுப் போனார்.

மறுநாள் திங்கட்கிழமை. ஆவடிப் பக்கத்து ஆட்களை ஏற்றிக்கொண்டு போகிற கம்பெனி வேனில் அருள்செல்வி வழக்கம்போல நின்றுகொண்டு போனாள். நின்றுகொண்டு என்றால், ஒற்றைக் காலில், இன்னொருத்தியின் டிபன் பை விலாவில் இடிக்க. எஸ்டேட் வாசலில் இறங்கும்போது பூந்தமல்லிப் பக்கத்து வேன் பின்னாலேயே வந்தது. அதிலிருந்து எட்டே எட்டு பேர் சோம்பல் முறித்துக்கொண்டு இறங்கினார்கள். ஒருவன் கன்னத்தில் சீட்டின் வரி பதிந்திருந்தது. அப்படித் தூங்கியிருக்கிறான் மகராசன்.

இதைப் பற்றி வண்டிகளைக் கவனிக்கிறவரிடம் ஏற்கெனவே சண்டை போட்டாகிவிட்டது. அவர் ஒரு கணக்கு வைத்திருந்தார். ரெண்டு வேன், மொத்தம் நாற்பத்தெட்டு பேர், வேனுக்குச் சராசரி இருபத்திநாலு. சீட் இருபத்தாறு. ஆகவே எல்லோருக்கும் உட்கார இடம் இருக்கிறது, நீங்கள் நிற்பதாக நினைத்துக்கொள்கிறீர்கள் என்கிற ரீதியில் பேசுவார்.

அன்றைக்கு ஒயரை உரித்துக்கொண்டிருக்கும்போது அருள்செல்விக்கு அது பொறி தட்டியது. அந்த மனிதர் வேனைப் போய்க் கேட்டிருக்கிறார். உனக்குள்ளே எத்தனை பேர் என்று வேனைக் கேட்டால் ஒரு வேன் நாற்பது என்கும், இன்னொன்று எட்டு என்கும், சராசரி இருபத்திநாலுதான் வரும். ஆளைக் கேட்டிருந்தால்? உன் வேனில் எத்தனை பேர் என்று ஒவ்வொருத்தராகக் கேட்டால் நாற்பது பேர் நாற்பது என்பார்களே. எட்டு என்று சொல்ல எட்டு பேர்தானே இருக்கிறார்கள்!

டீ இடைவேளையில் ஹேமநாதனுக்குப் போன் போட்டாள். மூச்சு விடாமல் வேன் கதையைச் சொல்லி, நீங்களும் நிலத்தைத்தானே சார் கேட்டீர்கள், எங்களைக் கேட்கவில்லையே என்றாள்.

"அக்கா, இது காலேஜ்ல படிச்சது," என்றார் அவர். "ஒவ்வொரு ஆளும் எவ்வளவு நெருக்கத்துல வாழுறாருன்னு பார்த்து, அதுக்குச் சராசரி எடுக்கறது. பரீட்சை எழுதினதோட மறந்தே போச்சு. ஆபீஸ்ல யாரும் இதைக் கேட்டதில்ல, நானும் நெனைக்கல. போட்டுப் பார்க்கறேன்."

போட்டுப் பார்த்தார். வார்டின் பன்னிரண்டாயிரம் பேரில் ஒன்பதாயிரம் பேர் அந்த நகக்கண் அளவு கால் சதுர கிலோமீட்டருக்குள் அடைந்துகிடந்தார்கள். மிச்சம் மூவாயிரம் பேருக்கு மிச்ச இடம் முழுவதும். நிலத்தைக் கேட்டால் மூவாயிரம் என்று சொன்ன அதே வார்டு, ஆளைக் கேட்டால் இருபத்தேழாயிரத்தைத் தாண்டிச் சொன்னது. ஏரியைக் கழிக்கவில்லை, சுடுகாட்டைக் கழிக்கவில்லை, சித்தப்பாவையும் சட்டை மாற்றச் சொல்லவில்லை. ஹேமநாதன் போனில் இதைச் சொன்னதும் அருள்செல்வி அப்படியே ஜாபஸிடம் ஒப்பித்தாள்.

கூட்டத்தன்று பள்ளிக்கூடத்து ஹால் நிரம்பி வழிந்தது. மேலதிகாரி அம்மா கறாரானவர் என்று பார்த்தாலே தெரிந்தது. ஆனால் யார் பேசினாலும் பேச்சு முடியும்வரை அவர்களையே பார்த்துக்கொண்டிருப்பார். ஹேமநாதன் ரெண்டு கணக்கையும் திரையில் போட்டு விளக்கினார். ஒரே வார்டு எப்படி மூவாயிரமாகவும் இருபத்தேழாயிரமாகவும் இருக்கும் என்று அந்த அம்மா கேட்டார். கேட்டுவிட்டுப் பதிலுக்குக் காத்திருக்காமல் கூட்டத்தைப் பார்த்துத் திரும்பினார். ரெண்டு பக்கமும் பக்கத்து வீட்டுச் சுவர் ஒட்டியிருக்கிற வீட்டில் யாரெல்லாம் இருக்கிறீர்கள், கையைத் தூக்குங்கள் என்றார்.

ஹாலே கையாக எழும்பியது. தூக்காதவர்கள் அங்கொருவர் இங்கொருவர்தான். அந்த அம்மா கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டுப் போட்டுக்கொண்டார்.

"குழாய் பதிக்கணும்னா நிலத்தைக் கேக்கலாம். குழந்தைங்க விஷயத்துக்கு ஆளைத்தான் கேக்கணும். சரி. சவேரியார் தெரு மையம் இருக்கட்டும்."

வடிவு டீச்சர் முந்தானையால் கண்ணைத் துடைத்தார். ஜாபஸ் விசிலடிக்க வாயில் வைத்த விரலை அருள்செல்வி பிடித்து இழுத்தாள். அவளுக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தது. வேலை தப்பித்தது. லைன் லீடர் தப்பித்தது. அந்தச் சந்தோஷத்தில்தான் அடுத்த வாக்கியம் அவள் காதில் சட்டென்று ஏறவில்லை. வில்லாப் பக்கத்து மையத்தை மூடி இதோடு சேர்த்துவிடலாம், ரெண்டுக்கு விதி இடம் கொடுத்தாலும் நிதி ஒன்றுக்குத்தான் இருக்கிறது என்று சொல்லிக்கொண்டிருந்தார் அதிகாரி.

கடைசி வரிசையில் ஒருத்தி நின்றுகொண்டிருந்தாள். இடுப்பில் ஒரு பிள்ளை, கையைப் பிடித்துக்கொண்டு இன்னொரு பிள்ளை. கை தூக்காதவர்களில் அவளும் ஒருத்தி. செருப்பெல்லாம் செம்மண். ஏரியைச் சுற்றி நடந்தே வந்திருக்கிறாள். மூடிவிடலாம் என்ற வார்த்தையைக் கேட்டதும் அவள் முகம் போன போக்கை அருள்செல்வி பார்த்துவிட்டாள். பார்க்காமல் இருந்திருக்கலாம். கண்ணாடியில் இத்தனை நாளாகத் தினமும் பார்த்த முகம் அல்லவா அது.

அருள்செல்வி எழுந்திருக்கப் போவது ஜாபஸுக்குத் தெரிந்துவிட்டது. கையைப் பிடித்து அழுத்தினான்.

"கம்முனு குந்து அருளு. வந்ததைக் கெடுத்துக்காத."

குந்தியிருந்தால் நான் இந்தக் கதையைச் சொல்லியிருக்கவே மாட்டேன். எழுந்தாள்.

"மேடம், மொதல்ல நெலத்தைக் கேட்டீங்கோ, நாங்க காணாமப் போனோம். இப்போ ஆளைக் கேட்டீங்கோ, அந்தக்கா காணாமப் போய்ட்டாங்கோ."

எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். அதிகாரியின் முகம் இறுகியது. உங்களுக்குக் கேட்டது கிடைத்துவிட்டது, திரும்பக் கிளறினால் ரெண்டு மையத்தையும் நிறுத்திவைத்துத்தான் பரிசீலிக்க வேண்டியிருக்கும், அது பரவாயில்லையா என்று கேட்டார். மிரட்டலாகச் சொல்லவில்லை. உள்ளதைச் சொன்னார், அதுதான் பயமாக இருந்தது. அருள்செல்வி பக்கத்திலிருந்த வடிவு டீச்சரைப் பார்த்தாள். டீச்சர் தண்ணீர் பாட்டிலைத் திறந்து நீட்டினார். ஒரு மிடறு குடித்தாள்.

"பரவால்லன்னு எப்டி மேடம் சொல்றது. பயமாத்தான் கீது. என் வேலையே இதுலதான் கீது. ஆனா அந்தக்காவை சராசரில போட்டு வகுக்காதீங்கோ. அவங்க பேரைக் கேளுங்கோ."

அதிகாரி அந்தப் பெண்ணைப் பார்த்து, உன் பேர் என்னம்மா என்றார்.

மதிவதனி என்றாள் அவள். புருஷன் பாண்டியன் வில்லாவில் வாட்ச்மேன். கேட்டை ஒட்டிய அறையில் குடியிருக்கிறார்கள். பெரியவன் பெயர் விக்ரம், இடுப்பில் இருப்பது சரண். அங்கே தோட்டவேலை, வீட்டுவேலை செய்கிறவர்களின் பிள்ளைகள் இன்னும் நாலைந்து இருக்கிறார்கள் என்று சொல்லி, அந்தப் பிள்ளைகளின் பெயர்களையும் ஒவ்வொன்றாகச் சொன்னாள். அவற்றைச் சொல்லச் சொல்லி யாரும் கேட்கவில்லை. ஆனாலும் அதிகாரி பேனாவைத் திறந்து ஒவ்வொன்றாக எழுதிக்கொண்டார்.

அப்போதுதான் வடிவு டீச்சர் வாயைத் திறந்தார். பிள்ளைகள் குறைவாக இருக்கிற இடத்துக்கு மினி மையம் என்று ஒன்று உண்டே, ஒரே ஆள் போதுமே, வில்லா சங்கத்து அறை காலியாகத்தானே கிடக்கிறது என்றார். சமையலை இங்கேயே செய்து அனுப்பிவிடலாம், கொண்டுபோக நம்ம ஜாபஸ் ஆட்டோ இருக்கிறது என்றும் சேர்த்துக்கொண்டார். ஜாபஸ் திடுக்கிட்டுப் போய் அவரைப் பார்த்தான். பிறகு வேறு வழியில்லாமல் தலையை ஆட்டினான்.

அதிகாரி ஹேமநாதனிடம் குனிந்து ஏதோ பேசினார். நிமிர்ந்து, மினி மையத்துக்குத் தன் பொறுப்பிலேயே ஆணை போடலாம், நிதிக்கு மேலிடத்தைக் கேட்க வேண்டியதில்லை என்றார். அருள்செல்வியைப் பார்த்து, உன்னுடையதை நிறுத்திவைக்கவில்லை, போய் உட்காரம்மா என்றார். அவள் உட்காரவில்லை, நாற்காலியில் விழுந்தாள் என்றுதான் சொல்ல வேண்டும்.

அடுத்த மாதம் அவள் லைன் லீடர் ஆனாள். வேனில் இன்னும் நின்றுகொண்டுதான் போகிறாள், அந்தச் சண்டை இனிமேல்தான் இருக்கிறது. ஜாபஸ் தினமும் மதியத்துக்கு முன்னால் சாப்பாட்டுத் தூக்கை ஏற்றிக்கொண்டு ஏரியைச் சுற்றிப் போகிறான். அந்த நேரத்தில் எந்தச் சவாரி கூப்பிட்டாலும் நிறுத்துவதில்லை.

கொடியேற்றத்துக்கு மதிவதனியை அவன்தான் போய்க் கூட்டிவந்தான். அவ்வளவு ஜனத்தைப் பார்த்து அவள் வாசலிலேயே தயங்கி நின்றாள். வீட்டுக்குள் போக வழியில்லாமல் குத்தம்பாக்கத்துச் சித்தப்பா படியில் உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தார். அவருக்குப் பக்கத்துப் படியில் ஹேமநாதன். ஜெனிஷா ஓடிவந்து விக்ரமின் கையைப் பிடித்து உள்ளே இழுத்துக்கொண்டு போனாள். அருள்செல்வி சித்தப்பாவைக் கொஞ்சம் நகரச் சொல்லிவிட்டு, அந்த இடத்தில் மதிவதனிக்கு இலை போட்டாள்.